பழைய .303 றைபிளுக்கு எந்த வெடிமருந்து? அளவைக் கருவியில் சிக்காமல் விழுவதைத் தேடுகிறேன்

கொக்குவிலான்

வணக்கம். நான் இருப்பது ஸ்காபரோவில், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து நிற்கிறேன், கொஞ்சம் ஓய்வாக இருப்பதால் கனநாளாய் மனதில் கிடந்த கேள்வியை இங்கே போடுகிறேன். அங்கே என்னிடம் உரிமத்தோடு ஒரு லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 றைபிள் இருக்கிறது, ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்சில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்தது. கடையில் .303 ரவை விற்கிற விலைக்கு மாதத்தில் ஒருநாள் சுடுவதென்றாலும் கை கடிக்கிறது. அதனால் சுட்டு முடித்த வெற்றுக்கோதுகளைச் சேர்த்து நானே திரும்ப நிரப்புகிறேன்.

பாவிப்பது ஐ.எம்.ஆர் 4064 என்ற குச்சி வடிவ வெடிமருந்து. சுடும்போது அதில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை, கைபிடியை இழுத்தால் ஒரு கோதுக்குரிய மருந்தை அளந்து விழுத்துகிற அளவைக் கருவியில்தான். அந்த நீட்டு நீட்டுக் குச்சி மருந்து டிரம்முக்குள் சிக்கி, கைபிடியை இழுக்கும்போது 'கறுக்' என்று வெட்டுப்படுகிறது, ஒரு தரம் கூட விழுகிறது, அடுத்த தரம் குறைய விழுகிறது, கடைசியில் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. கிளப்பில் ஒருவர் "பேசாமல் உருண்டை மருந்துக்கு மாறு, தண்ணீர் மாதிரி ஓடும்" என்கிறார். இன்னொருவர் பழைய றைபிளுக்கு அது வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தெல்லிப்பழை_மெல்பேண்

தம்பி, நான் சுடுவது இங்கே அவுஸ்திரேலியாவில், லித்கோவில் செய்த லீ-என்ஃபீல்ட் நம்பர் 1 மார்க் 3. கனகாலமாய் ஒரே மருந்துதான், ஏ.ஆர் 2206எச். நியூ சவுத் வேல்ஸ் முல்வாலாவில் செய்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இதே மருந்தைத்தான் ஹொட்ச்டன் எச் 4895 என்று பெயர் போட்டு விற்கிறார்கள். குச்சி மருந்துதான், ஆனால் 4064ஐ விடக் கட்டை, அளவையில் எவ்வளவோ மேல். உருண்டை மாதிரி ஓடாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பருத்தித்துறை_மாஸ்டர்

நான் துவக்குப் பிடித்தவன் இல்லை, இரசாயனம் படிப்பித்தவன். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பாதி விடை இரசாயனத்திலும் பௌதிகத்திலும்தான் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அளவைக் கருவி நிறுப்பதில்லை, கனவளவைத்தான் அளக்கிறது. வீட்டில் சுண்டால் கடுகை அளந்து பாருங்கள், பிறகு நற்சீரகத்தை அளந்து பாருங்கள். கடுகு ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி அடுக்கும். நற்சீரகம் ஒன்றுக்குக் குறுக்கே ஒன்று விழுந்து இடைவெளி விடும், ஒரு தட்டுத் தட்டினால் சுண்டில் அரை விரல் இறங்கிவிடும். உருண்டை மருந்துக்கும் நீட்டுக் குச்சி மருந்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். குச்சி எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது, அது எவருக்கும் விளங்கும்.

ஆனால் ஏன் ஒரு காலத்தில் எல்லோரும் குச்சியாகவே செய்தார்கள் என்று யோசியுங்கள். உருண்டை எரிய எரியச் சிறுத்துக்கொண்டே போகும், எரிகிற மேற்பரப்பும் கூடவே குறையும். அப்படியென்றால் வாயு தொடக்கத்திலேயே கூடுதலாகக் கிளம்பிவிடும், அமுக்கம் முன்னுக்கே ஏறிவிடும். நடுவில் துளையுள்ள குச்சியில் வெளிப்பக்கம் சுருங்கச் சுருங்க உள்துளை பெரிதாகிறது, அதனால் மேற்பரப்பு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. உருண்டையில் இதைச் சரிக்கட்ட மேலே எரிதலைத் தணிக்கும் பூச்சு ஒன்று ஏற்றுகிறார்கள். அந்தப் பூச்சுத்தான் பற்றவைப்பதையும் கொஞ்சம் கடினமாக்குகிறது. ஓட்டம் சுலபம் என்பதற்காக மாறினால் இதெல்லாம் கூடவே வரும்.

கொக்குவிலான்

மாஸ்டர், மிக்க நன்றி, இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்போ உருண்டை மருந்து கூடாதா?

தெல்லிப்பழை_மெல்பேண்

கூடாது என்று இல்லை தம்பி. பி.எல்-சி 2, எச் 335 மாதிரியானவை எல்லாம் பட்டாளத்து மருந்தின் வழிவந்தவைதான், 7.62 நேட்டோ, 5.56 என்ற பட்டாளத்து ரவைகளில் ஓடியவை. அளவையில் விழுவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், பத்துத் தரம் இழுத்துப் பத்தையும் நிறுத்தால் ஒரு கிரெயினில் (மருந்து நிறுக்கிற சின்ன அலகு) பத்தில் ஒன்றுக்குள் நிற்கும். .303க்கு அளவுத் தரவும் சிலவற்றுக்கு இருக்கிறது.

நான் அதை விட்டதற்குக் காரணம் வெயில். உருண்டை மருந்தில் கனக்க வகைகள் வெப்பத்தோடு அமுக்கம் ஏறுகிறவை. இங்கே ஜனவரியில் 40 பாகை வரும், ரவைப் பெட்டியைக் காருக்குள் விட்டுவிட்டு வெளியே எடுத்தால் கையில் பிடிக்க முடியாது. குளிர்காலத்தில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அளவு அந்த நாளில் வேறு அளவாகிவிடும். உனக்கு அங்கே மறுவளம், பனியில் சுட்டால் வேகம் விழும். 2206எச் இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கிறது, முல்வாலாக்காரர்கள் அதற்கென்றே பாடுபட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, உருண்டை மருந்து அடர்த்தி கூடியது. .303 கோதில் அது கீழே கிடக்கும், மேலே வெறுமையாக இருக்கும். 4895 கோதை நன்றாக நிரப்பும். தவறி இரண்டு தரம் ஊற்றினால் வழிந்து மேசையில் கொட்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிறைய இடம் பிடிக்கிற மருந்தில் உள்ள இந்தப் பாதுகாப்பு எனக்குப் பெரிய விஷயம்.

அளவெட்டி_அக்கா

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிளப்பில் பெண்கள் நிறையப் பேர் சுடுகிறோம், நான் சுடுவது 6.5x55 ரவை, கிராக்-ஜோர்கென்சன் றைபிளில், அது 1894இல் இந்த நாட்டுப் பட்டாளம் எடுத்த வகை. ரவைக்குப் பின்னால் அடைத்துப் பூட்டுகிற அதன் போல்ட்டின் முன்பக்கம் ஒரேயொரு பூட்டுக்காதுதான் தாங்குகிறது. அதனால் எங்களுக்கு முதலாவது கேள்வி எப்போதும் அமுக்கம், அடுத்ததுதான் ஓட்டம். அண்ணை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

லீ-என்ஃபீல்ட்டிலோ பூட்டுக்காதுகள் போல்ட்டின் பின்பக்கம்தான், தம்பிக்குத் தெரிந்திருக்கும். சுடும்போது போல்ட் உடல் முழுக்கச் சற்று அமுங்கி நிமிரும், கோதும் அதோடு நீளும். .303க்கு அமெரிக்கத் தரத்தில் உச்ச அமுக்கம் 49,000 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). இன்றைய .308க்கு 62,000. இந்த இடைவெளியை யாரும் மறக்கக்கூடாது. ".308க்கு நல்லாக ஓடுகிற மருந்து, .303க்கும் சரிதானே" என்று அதன் அளவை எடுத்து வந்து போடுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், அதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

மருந்தென்றால் இங்கே சுலபமாகக் கிடைப்பது பின்லாந்தின் விஹ்தாவூரி. என் 140 கட்டைக் குச்சி, அளவையில் ஒழுங்காக விழும், .303க்கும் தரவு போட்டிருக்கிறார்கள். 6.5இல் கனமான சன்னத்துக்கு (ரவையிலிருந்து பறந்து போகிற குண்டு) நான் போடுவது என் 160, அது இன்னும் மெதுவாக எரிவது, உனக்குத் தேவையில்லை. கனடாவில் விலை கொஞ்சம் கூட இருக்கும் என்று நினைக்கிறேன்.

சங்கானைப்_பெடியன்

எனக்கு ஒரு சந்தேகம். அப்பப்பா காலத்தில் பொலிசிடம் த்ரீ-நாட்-த்ரீ இருந்தது என்று வீட்டில் கதைப்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் கிண்டும்போதும் பழைய ரவைகள் இப்பவும் வருகிறது. அப்படி வருகிறதைப் பிரித்து மருந்தை எடுத்தால் இந்த மாதிரிப் பாவிக்கலாமா? சும்மா அறியத்தான் கேட்கிறேன்.

பருத்தித்துறை_மாஸ்டர்

தம்பி, கேட்டது நல்லது, ஏனென்றால் கேட்காமல் செய்து கை போனவர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். இல்லை. தொடவே கூடாது. சட்டத்தை முதலில் சொல்கிறேன்: இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன, உரிமம் இல்லாமல் ரவையோ மருந்தோ வைத்திருப்பதே குற்றம். இங்கே கதைப்பதெல்லாம் உரிமம் உள்ள நாட்டில், உரிமம் உள்ளவர்கள் செய்கிற வேலை.

சட்டத்தை விட்டாலும் மண்ணுக்குள் இருந்து வருவது என்னவென்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ரவை மாதிரித் தெரிவது வேறு ஏதாவதாக இருக்கலாம், பக்கத்திலேயே மிதிவெடி இருக்கலாம். கண்டால் அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இன்னும் கவனம். இதை நான் வகுப்பில் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன், இன்னும் சொல்வேன்.

மருந்தைத் திரும்பப் பாவிக்கலாமா என்பதற்கும் விடை சொல்கிறேன், அதில் நல்ல வரலாறு இருக்கிறது. பழைய .303க்குள் இருப்பது அனேகமாகக் கோர்டைற். 1889இல் ஏபெல், டியூவர் என்ற இரண்டு பேர் காப்புரிமை எடுத்தது. .303 ரவையே 1888இல் கரிமருந்தோடுதான் வந்தது, பிறகுதான் கோர்டைற்றுக்கு மாறியது. முதல் வகையில் நைத்திரோகிளிசரின் 58 வீதம், வெடிபஞ்சு 37 வீதம், வசலின் 5 வீதம். அது எரிகிற சூட்டில் குழலையே அரித்துத் தின்றது. போயர் போருக்குப் பிறகு நைத்திரோகிளிசரினை 30 வீதமாகக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக்கினார்கள். இந்த இரண்டையும் பிசைந்து ஒன்றாக்க அசற்றோன் வேண்டும். முதலாம் உலகப் போரில் அசற்றோன் தட்டுப்பட்டபோது வைஸ்மான் என்ற இரசாயனவியலாளர் பற்றீரியாவைக் கொண்டு மாப்பொருளை நொதிக்கச் செய்து அதை எடுத்தார், 1917இல் பிரித்தானியாவில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு குதிரைக் கஸ்கொட்டை பொறுக்குவித்தது இதற்காகத்தான். இப்படி ஒரு கொட்டைக்குப் பின்னால் ஒரு யுத்தம் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

கோர்டைற் நூல் நூலாக இருக்கும், ஸ்பகெற்றி மாதிரி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதை எந்த அளவையாலும் ஊற்ற முடியாது. தொழிற்சாலையில் கோதின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே கட்டாக உள்ளே செருகி, பிறகுதான் கழுத்தை ஒடுக்கினார்கள். பழசாகினால் பதனப்பொருள் தீர்ந்து தானாகவே சிதையத் தொடங்கும். இரும்புப் பெட்டிக்குள் ஒழுங்காக வைத்ததற்கே இந்தக் கதி, மண்ணுக்குள் கிடந்ததற்குக் கேட்கவே வேண்டாம்.

சங்கானைப்_பெடியன்

விளங்கியது சேர். தோட்டத்துப் பக்கம் வேலை செய்கிற ஆட்களுக்கும் சொல்கிறேன்.

கொக்குவிலான்

மாஸ்டர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கோர்டைற்றுக்காக வடிவமைத்த றைபிளில் நாங்கள் இப்போது வேறு மருந்து போடுகிறோம், அதில் பிழை வராதா?

தெல்லிப்பழை_மெல்பேண்

வராது, பிரித்தானியர்களே போட்டார்கள். ரவையின் அடியில் 'z' என்ற எழுத்து இருந்தால் அது கோர்டைற் இல்லை, நைத்திரோசெலுலோஸ். விக்கர்ஸ் இயந்திரத் துவக்குக்கென்று செய்த மார்க் 8 அப்படித்தான். 1910இல் வந்த மார்க் 7தான் சாதாரணப் பட்டாளத்து ரவை, 174 கிரெயின் சன்னம், செக்கனுக்கு 2440 அடி. நீ அந்த வேகத்தை எட்டினால் காணும், சிலவேளை அதற்குக் கொஞ்சம் கீழே நின்றால்தான் பழைய றைபிள் நன்றாகக் குறிபிடிக்கும். அதற்கு மேலே ஏற்றுவதால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, உன் பின்காட்சித் தகடே அந்த வேகத்துக்குத்தான் கோடு போட்டிருக்கிறது.

ஆனால் மருந்தை மாற்றினால் துவக்கின் நடத்தை மாறும் என்பது உண்மை. அமெரிக்கன் 1960களில் எம்-16க்கு முதலில் வைத்திருந்த குச்சி மருந்தை விட்டு உருண்டைக்கு மாறினான், துவக்கு சுடுகிற வேகம் கூடியது, உள்ளே அழுக்குப் படிந்தது, வியட்நாமில் அடைத்து நின்றது. காரணங்கள் வேறும் இருந்தன, ஆனால் மருந்து அதில் ஒன்று. எம்1 கரண்ட் (வாயுவின் பலத்தால் தானே அடுத்த ரவையை ஏற்றுகிற பழைய அமெரிக்க றைபிள்) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், அளவுக்கு மீறி மெதுவாக எரிகிற மருந்து போட்டால் வாயுத் துளைக்கு வருகிற அமுக்கம் கூடி, இயக்கும் கம்பி வளைந்துவிடும். அதற்காகத்தான் ஐ.எம்.ஆர் 4895 பிறந்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய 4895ஐ மலிவாக வாங்கி விற்றுத்தான் ஹொட்ச்டன் கம்பெனியே தொடங்கியது. அந்த வரிசையில் வந்ததுதான் நான் சொல்கிற எச் 4895.

போல்ட்டை இழுத்துச் சுடுகிற உனக்குக் கம்பி வளைகிற பயம் இல்லை. இருந்தாலும் 4895 இந்தத் தலைமுறை றைபிள்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போலத்தான்.

அளவெட்டி_அக்கா

எச் 4895இல் இன்னொரு நல்ல குணம் இருக்கிறது, அண்ணை சொல்லவில்லை. ஹொட்ச்டன் தானே எழுதியிருக்கிறது: தரவிலுள்ள உச்ச அளவின் 60 வீதம் என்ற மட்டம் வரை இறங்கிப் போடலாம். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது, மெதுவாக எரிகிற மருந்தை இப்படிக் குறைத்தால் ஆபத்து, அதனால் இந்த ஒரு மருந்துக்கு மட்டும் என்று மனதில் வையுங்கள். எங்கள் கிளப்பில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மென்மையான ரவை வேண்டும், உதைப்பு இல்லாமல் பழகட்டும் என்று. நூறு வருடம் பழைய மரப்பிடிக்கும் அது நல்லது. தோளும் தப்பும், மரமும் தப்பும்.

கொக்குவிலான்

அப்போ ஐ.எம்.ஆர் 8208 எக்ஸ்.பி.ஆர் மருந்து? கடைக்காரர் அதைப் பற்றித்தான் கூடக் கதைத்தார். மிகக் கட்டைக் குச்சி, உருண்டை மாதிரியே ஓடும், வெப்பத்துக்கும் அசையாது என்கிறார்.

தெல்லிப்பழை_மெல்பேண்

உண்மைதான், அதுவும் இங்கே செய்ததுதான், ஐ.எம்.ஆர் என்று பெயர் இருந்தாலும். ஓட்டம் என்ற ஒரே விஷயத்தைப் பார்த்தால் குச்சி மருந்துகளில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். 4895ஐ விடக் கொஞ்சம் விரைவாக எரியும். உன் சன்னத்தின் நிறைக்கு .303இல் அச்சிட்ட தரவு இருக்கிறதா என்று மேனுவலில் பார். இருந்தால் தாராளமாக எடு. இல்லையென்றால் "4895க்குப் பக்கத்தில்தானே" என்று ஊகித்துப் போடாதே. எரிகிற வேக அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

வார்கெற் என்ற மருந்தையும் கனபேர் சொல்வார்கள். நல்ல மருந்து, ஆனால் அளவையில் 4895ஐ விடக் கரடு, நீ கேட்கிறதுக்கு அது விடை இல்லை.

பருத்தித்துறை_மாஸ்டர்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா. ஒரு இறாத்தலில் 7000 கிரெயின். .303க்கு ஒரு தரம் போகிற மருந்து ஏறக்குறைய 40 கிரெயின் என்று கணக்குக்காக மட்டும் எடுங்கள் (இதை யாரும் அளவாகப் பாவிக்க வேண்டாம், மருந்துக்கு மருந்து மாறும்). அளவையில் பத்தில் இரண்டு கிரெயின் முன்பின் விழுந்தால் அது அரை வீதம். தேய்ந்த குழலும் இரும்புக் காட்சியும் உள்ள துவக்கில், 100 மீற்றரில் அந்த அரை வீதம் கண்ணுக்குத் தெரியுமா? சுடுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அளவெட்டி_அக்கா

தெரியாது மாஸ்டர். நான் நிறுத்தும் போட்டிருக்கிறேன், அளவையிலிருந்து நேராகவும் போட்டிருக்கிறேன். 100இல் வித்தியாசம் இல்லை. 300க்கு மேலே போனால் செங்குத்தாகக் கொஞ்சம் விரியலாம். இலக்கில் சூடுகள் விழுகிற குழு விரிவதற்கு முதல் காரணம் அனேகமாக சன்னம் குழலுக்குப் பொருந்தாமை. .303 குழல்கள் போர்க்காலத்தில் அவசரத்தில் செய்தவை, உள்விட்டம் .311இலிருந்து .315 அங்குலம் வரை கூட இருக்கிறது. தம்பி முதலில் குழலை அளந்து பார்த்தால் மருந்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையிராது.

தெல்லிப்பழை_மெல்பேண்

அக்கா சொன்னதோடு கோதையும் சேர். லீ-என்ஃபீல்ட்டில் ரவை உட்காருகிற அறை பெருமனாக வெட்டியது, சேற்றிலும் மணலிலும் ஓட வேண்டும் என்று. ஒவ்வொரு தரமும் முழுக் கோதையும் டையில் (கோதைப் பழைய அளவுக்கு ஒடுக்குகிற அச்சு) அமுக்கினால் அடியில் மெலிந்து ஒருநாள் இரண்டாக அறும். கழுத்தை மட்டும் ஒடுக்கு, உன் றைபிளில் சுட்ட கோதை உன் றைபிளுக்கே வை. மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கோதுக்குள் விட்டு அடிப்பக்கச் சுவரைத் தடவிப் பார், பள்ளம் தட்டுப்பட்டால் எறிந்துவிடு.

இனி அளவையைப் பற்றி, ஏனென்றால் மருந்தை மாற்றினாலும் கைப்பழக்கம் மாறாவிட்டால் வேலையில்லை. மேலே இருக்கிற மருந்துக்குழாயை எப்போதும் பாதிக்கு மேல் நிரப்பி வை, உள்ளே தடுப்புத் தகடு இல்லையென்றால் ஒன்று போடு, மேலேயிருக்கிற மருந்தின் பாரம் டிரம்மை அமுக்காது. கைபிடியை ஒரே வேகத்தில் ஏற்றி ஒரே வேகத்தில் இறக்கு, தட்டுவதென்றால் ஒவ்வொரு தரமும் தட்டு, இல்லையென்றால் ஒருபோதும் தட்டாதே. தொடங்கும்போது விழுகிற முதல் சிலதைத் திரும்ப ஊற்று, மருந்து இறுகி அடுக்குகிற வரை. குச்சி வெட்டுப்படுகிற 'கறுக்' கேட்டால் அந்தத் தரத்தைக் கோதுக்குள் விடாதே, திரும்பக் குழாய்க்குள் போடு. நான் கொஞ்சம் குறைய விழவைத்து மிச்சத்தைத் துளித்துளியாகத் தராசில் சேர்ப்பேன், அதுவும் போட்டிக்கு மட்டும். சாதாரண நாளில் பத்துக்கொன்று நிறுத்துப் பார்ப்பேன், பிறகு எல்லாக் கோதையும் பலகையில் நிறுத்தி மேலிருந்து ரோர்ச் அடித்து மட்டம் பார்ப்பேன். இந்தக் கடைசி வேலையை எந்த அவசரத்திலும் விடுவதில்லை.

வேலை முடிந்ததும் குழாயில் மிஞ்சினதை அதன் ரின்னுக்கே ஊற்று. மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு ரின் திறந்து இருக்கக்கூடாது.

கொக்குவிலான்

அண்ணை, அக்கா, மாஸ்டர், மூவருக்கும் நன்றி. திரும்பிப் போனதும் ஒரு ரின் எச் 4895 வாங்கி, மேனுவலில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஏறிப் பார்க்கிறேன். குழலையும் அளப்பிக்கிறேன். மிச்சம் இருக்கிற 4064ஐ என்ன செய்ய?

தெல்லிப்பழை_மெல்பேண்

நல்ல மருந்தை எறியாதே. நிறுத்து நிறுத்துப் போடப் பொறுமை இருக்கிற நாளில் அதைப் பாவி, தூரச் சுடுவதற்கு வை. எச் 4895 கடையில் இல்லையென்று ஐ.எம்.ஆர் 4895 தந்தால் அது வேறு மருந்து, இலக்கம் ஒன்றானாலும் தரவு வேறு, அதற்குரிய பக்கத்தைப் பார்த்துத் திரும்பத் தொடக்கத்திலிருந்து ஏறு. அடுத்த ரின் வாங்கும்போது தொகுதி இலக்கம் மாறியிருந்தாலும் அப்படித்தான், பத்து வீதம் கீழே இறங்கித் தொடங்கு.